பெயருக்காக விட்ட இடைவெளி

மச்சான்,

இன்று காலை மைக்கை வெளியே எடுத்தேன். நீ மௌத்தாகிக் கண்மூடிய பிறகு அதைப் பழைய சாரம் ஒன்றில் சுற்றி, ஓட்டோவின் பின் இருக்கைக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். வாய்க்கு நேரே இருக்கும் கறுப்புப் பஞ்சைப் பிதுக்கி உதறியபோது கராம்பு மணத்தது. தொண்டை கட்டிக்கொள்ளாமல் இருக்க நீ ஓயாமல் கடைவாயில் அடக்கி வைத்திருந்த அதே கராம்புதான். எட்டு மாதம் கழித்தும் ஒரு பஞ்சுக்குள் மணம் இருக்குமா என்பது எனக்குத் தெரியாது. வண்டியை விட்டு இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி நடந்து, பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் திரும்ப ஏறினேன். சிரிக்காதே.

பள்ளிவாசலில் தந்த தாளை முன் கண்ணாடியில் செருகியிருந்தேன். அதில் பத்தொன்பது பெயர்கள் இருந்தன. எல்லோரும் மையவாடியின் கடற்பக்க வரிசையில் அடங்கியிருப்பவர்கள். கடல் வந்து எடுப்பதற்கு முன் அவர்களைத் தோண்டி எடுத்து, ஊருக்கு மேற்கே வாங்கிய புதுக் காணியில் அடக்கப் போகிறார்கள். குடும்பத்தார் வந்து நிற்க வேண்டும் என்பதால் ஊருக்கு அறிவிக்கச் சொன்னார்கள். முதல் பதினெட்டுப் பெயர்களையும் ஒருகாலத்தில் இதே மைக்கில் நீதான் ஊருக்குச் சொன்னாய். பத்தொன்பதாவது உன்னுடையது. அந்தத் தாளில் உன் பெயர் வந்ததற்கு நான் பிரதேச சபையில் உயர்த்திய கைதான் காரணம். அதை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது.

பதினாறு வருடம் நான் ஓட்டினேன், நீ அறிவித்தாய். யாராவது மௌத்தானால் பள்ளிவாசல் மோதினார் முதலில் எனக்குத்தான் போன் எடுப்பார். நான் உன் வாசலில் ஹோர்ன் அடிப்பேன். நீ சேட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து பின்னால் ஏறுவாய். மைக்கில் விரலால் மூன்று தட்டு. பிறகு ஸலாம். பிறகு "ஜனாஸா அறிவித்தல்". பிறகு ஒரு மூச்சு, அதன் பிறகு பெயர். நீ அந்த மூச்சை இழுக்கும்போது தெருவில் ஒன்றும் அசையாது. அடுப்படியில் நின்றவள் அகப்பையோடு வேலியடிக்கு வந்து, "ஆரு மௌத்து?" என்று பக்கத்து வீட்டைக் கேட்பாள். உன் குரலில் அழுகையும் இல்லை, பதற்றமும் இல்லை. மூடிய கிணற்றுக்குள் இருந்து ஒருவன் கதைக்கிற மாதிரி இருக்கும். கடையில் நின்று நீ ரொட்டி கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவன் மௌத்துச் செய்தி என்று மனதுக்குள் இன்னாலில்லாஹி சொல்லிக்கொள்வான். பிழைக்க வேறு வழி இருந்திருந்தாலும் இந்தக் குரலை வைத்துக்கொண்டு நீ என்ன செய்திருக்க முடியும் என்று நான் பலதரம் யோசித்திருக்கிறேன். ஒரு கலியாண வீட்டுக்கு உன்னை மைக் பிடிக்கக் கூப்பிட்டிருப்பார்களா?

எல்லாம் அந்தக் குரலால் வந்தது. பிறகு பேட்டி கேட்டு வந்தவர்களிடம் நாம் பெரிதாகத் திட்டமிட்டுச் செய்ததாகச் சொன்னோமே, அது பச்சைப் பொய். நடந்தது ஒரு பிழைதான்.

தெற்கே எங்கேயோ கடலுக்குள் கல்லை நீட்டிக் கட்டினார்கள். அந்தப் பக்கம் மணல் ஒதுங்கியது, நம் பக்கம் வரவேண்டிய மணல் வரவில்லை. ஒவ்வொரு மாரியிலும் கடல் ஒரு வளவை எடுத்துக்கொண்டு போனது. மீனவர் சங்கத்தார் இதைப் பற்றிக் கதைக்க ஒரு கூட்டம் போட்டார்கள். வழக்கமாக ஐந்து பேர் வருகிற கூட்டம் என்பதால் ஐந்து கதிரைதான் கொண்டுவந்திருந்தார்கள். அறிவிக்கச் சொல்லி உன்னிடம் ஒரு துண்டுக் கடிதம் தந்தார்கள். இன்று அஸர் தொழுகைக்குப் பின், மையவாடிக்கு முன்னால், கடற்கரையில் எல்லோரும் ஒன்றுகூட வேண்டும். அவ்வளவுதான் எழுதியிருந்தது. மூன்று தட்டுத் தட்டி, ஸலாம் சொல்லி, மூச்சை இழுத்து, உனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் நீ அதை வாசித்தாய்.

அன்று அஸருக்குப் பிறகு நாம் போய்ப் பார்த்தால் கடற்கரை முழுக்கத் தொப்பி. வுளூ எடுத்து, கைலிச் சாரத்தைச் சரிபார்த்து, முந்நூறு பேருக்கு மேல் வரிசை கட்டி நின்றார்கள். நம் ஊரில் ஜனாஸா என்றால் யாருடையது என்று தெரியாவிட்டாலும் போய் நிற்பார்கள். அன்று பெயர் சொல்லாததால் ஏதோ அநாதை மையத்து கரை ஒதுங்கியிருக்கிறது என்று எண்ணி, வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்துவிட்டார்கள். நீ ஓட்டோவுக்குள் குனிந்து ஒளிந்துகொண்டாய். நான்தான் உன்னைப் பிடித்து வெளியே தள்ளினேன்.

பள்ளிவாசல் தலைவர் ஹாஜியார் முன்னுக்கு வந்தார். சுற்றிலும் பார்த்தார். "மையத்து எங்க?" என்றார்.

உன் கையில் மைக் அப்படியே இருந்தது. வாழ்க்கையில் ஒரு கூட்டத்தில் நீ கதைத்ததில்லை. நீ கடலோரத்தைக் காட்டினாய். கரை ஆளுயரத்துக்கு வெட்டுண்டு நின்றது. வெட்டிலிருந்து தென்னை வேர்கள் வெளியே தொங்கின. அதற்கு அப்பால், அலைக்குள், ஒரு சீமெந்துக் கிணறு தனியே எழுந்து நின்றது. சுற்றியிருந்த மண் எல்லாம் போய், கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது. ஒவ்வொரு அலைக்கும் அதன் வாயால் தண்ணீர் வழிந்தது.

"மையத்து இதுதான்" என்றாய், அந்தக் குரலில். "அடக்கிறதுக்கு முன்னம் ஒருக்கா முகத்தப் பாத்துட்டுப் போங்க."

அடி விழப்போகிறது என்று நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைத்தேன். ஒருவரும் அசையவில்லை. ஹாஜியார் மட்டும் வெட்டின் ஓரம்வரை நடந்து போய், அந்தக் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது தன் வாப்பா கட்டிய கிணறு என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். வந்தவர்கள் தொழுகை வரிசையைக் கலைக்காமலே மணலில் குந்தினார்கள். நம்முடைய கரைக் குழு அன்றுதான் பிறந்தது.

பிறகு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். நமக்கு வடக்கே இருக்கிற தமிழ்க் கிராமத்திலிருந்து தங்கராசா அண்ணன் வந்தார். கரைவலை வைத்து இழுக்கிறவர், வலைக்குச் சொந்தக்காரரும் அவர்தான். வரிப்பத்தான்சேனையிலிருந்து ஒரு விவசாயி வந்தார். அவருடைய வயலுக்கு வருகிற யானை முதலில் குப்பை மேட்டுக்குப் போய்விட்டுத்தான் வருகிறதாம். யானை விட்டைக்குள் முழுசாகக் கிடந்த பிளாஸ்டிக் சொப்பின் பை ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். கடையின் பெயர்கூட அழியவில்லை. அதைப் பார்த்துவிட்டு அன்று யாரும் தேத்தண்ணி குடிக்கவில்லை.

கட்சியாக நிற்கலாம் என்ற எண்ணத்தை யார் கொண்டுவந்தார்கள் என்பதில் உனக்கும் எனக்கும் கடைசிவரை சண்டை. போனில் வந்த ஒரு வீடியோவை எனக்குக் காட்டியது நீ. வெளிநாடுகளில் ஆற்றுக்கும் காட்டுக்கும் காற்றுக்கும் கட்சி இருக்கிறதாம், பச்சைக் கட்சி என்று பெயராம், முதலில் தெருவில் நின்று கத்தியவர்கள் இப்போது மந்திரியாகவும் இருக்கிறார்களாம். அப்படியென்றால் நாமும் பச்சைதான் என்றாய். நம் ஊரில் போய் இதைச் சொன்னோம். முதல் கடையிலேயே, "நீங்க எந்தப் பச்ச?" என்று கேட்டார்கள். இங்கே பச்சை நிறத்தை ஏற்கெனவே ஒன்றுக்கு இரண்டு பேர் எடுத்து வைத்திருக்கிறார்கள், கொடியும் தொப்பியும் தோரணமுமாக. மூன்றாவது பச்சைக்கு இடமில்லை. நிறமே இல்லாமல் நிற்போம் என்று முடிவெடுத்து, சுயேச்சைக் குழுவாக வேட்புமனு கொடுத்தோம். மரச் சின்னம் கேட்டோம், தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தல் கிடைத்தது. "கேத்தலும் நல்லதுதான்டா, எல்லார் வீட்டிலயும் இரிக்கி" என்று நீ என்னைத் தேற்றினாய். பட்டியலில் ஒரு பெயர் குறைந்ததால், சும்மா நிரப்புவதற்கு என் பெயரையும் போட்டாய். அந்தச் சும்மாதான் இன்று என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

பிரசாரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் வருகிறது, உடம்பும் சிலிர்க்கிறது. நாம் வாக்குக் கேட்டுப் போன தெருவெல்லாம் ஆட்கள் ஓடிவந்து யார் மௌத்து என்று கேட்டார்கள். ஒரு பெரியவர் உன் பேச்சு முழுவதையும் கைகட்டிக் கேட்டார். வேட்பாளர் பெயர் என்று உன் பெயரை நீ சொன்னதும், "அல்லாஹ் அவருக்குச் சுவர்க்கத்தக் குடுக்கட்டும்" என்று முகத்தைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். உனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மைக்கை மூடவும் மறந்துவிட்டாய். ஜனாஸா அறிவிக்கிற குரல் ஒலிபெருக்கியில் சிரிப்பதை அந்தத் தெரு முதல்தடவையாகக் கேட்டது. பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆனால் அந்தத் தெருவில்தான் நமக்கு வாக்கு அதிகம் விழுந்தது.

ஒரே ஓர் ஆசனம் கிடைத்தது. நீ பிரதேச சபை உறுப்பினர் ஆனாய். சபையில் இரண்டு பக்கமும் சரிசமம், நடுவில் ஒரு கேத்தல்.

இனி தங்கராசா அண்ணனின் வலைக்கு வருகிறேன். அன்று காலை நானும் நீயும் பள்ளிவாசல் முன்னால் நின்றோம். அவர் சைக்கிளில் வந்து இறங்கினார். சைக்கிள் கரியரில் தன் புதுச் சாரத்தால் சுற்றி ஏதோ கட்டியிருந்தார். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து உன் முன்னால் பிரித்தார். உள்ளே ஒரு மீசான் கட்டை இருந்தது. கபுறின் தலைமாட்டில் நடுகிற பலகை. பாசி பிடித்து, ஓரம் கரைந்து, எழுத்தெல்லாம் போயிருந்தது. "வலயில மீன் இல்ல, இதுதான் வந்திச்சு. உங்கட ஆக்கள்ர சாமான். கீழ வைக்க மனம் வரல்ல" என்றார். நீ சேட்டில் கையைத் துடைத்துவிட்டு அதை வாங்கினாய்.

அது யாருடைய தலைமாட்டில் நின்றது என்று தெரியவில்லை. உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும் என்று நீ அறிவித்தாய். பதினொரு குடும்பம் வந்தது. ஒவ்வொருவரும் அதைத் தடவிப் பார்த்து, இது எங்கட வாப்பாடதான் என்றார்கள். எவரிடமும் கொடுக்க முடியாமல், மையவாடியின் கடற்பக்க ஓரத்தில் வெறும் மணலில் நீயே அதை நட்டாய். கீழே யாருமே இல்லாத மீசான் அது. வெள்ளிக்கிழமைகளில் ஆட்கள் வந்து அதற்கும் பாத்திஹா ஓதிவிட்டுப் போனார்கள்.

அந்த வாரமே கல்லணைக் கதை வந்தது. மையவாடிக்கு முன்னால் பெரிய கல் போட்டுக் கடலை மறிக்க வேண்டும், சபை தீர்மானம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஹாஜியாரும் ஊர்ப் பெரியவர்களும் வந்தார்கள். நியாயமான கேள்விதானே? தன் வாப்பாவை அடக்கிய இடத்தைக் கடல் தின்னுவதைப் பார்த்துக்கொண்டு எந்த மகன் சும்மா இருப்பான்? ஆனால் தெற்கே போட்ட கல் நமக்குச் செய்ததை, நாம் போடுகிற கல் வடக்கே செய்யும். மணல் நம்மிடம் ஒதுங்கும், கடல் தங்கராசா அண்ணனின் கிராமத்துக்குள் ஏறும். அங்கே கடற்கரைக்கும் முதல் வீட்டு வாசலுக்கும் இடையில் ஒரு தோணி போடத்தான் இடம் இருக்கிறது. நீ முடியாது என்றாய். பெரியவர்கள் உன்னோடு கதைப்பதை நிறுத்தினார்கள். உன் பின்னால் தொழ நின்றவர்கள் இடம் மாறி நின்றார்கள்.

அந்த நாள்களில்தான் ஊரில் ஒரு வழக்கம் தொடங்கியது, நினைவிருக்கிறதா? யாரும் தங்கள் மையத்தைக் கடற்பக்கம் அடக்கச் சம்மதிக்கவில்லை. எல்லோரும் தெருப்பக்கம் கேட்டார்கள். ஓர் ஆளுக்கு இடம் போதாத சந்திலும் கபுறு வெட்டினார்கள். நீ அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு என்னிடம் சொன்னாய்: "என்ன அங்கதான் வைக்கணும், மச்சான். கடல் பக்கம். அந்தக் கட்டைக்குப் பக்கத்தில." விளையாட்டுக் கதை என்று நினைத்தேன். அதையே நீ உன் மனைவியிடமும் வசியத்தாக, கடைசி விருப்பமாகச் சொல்லி வைத்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

உன் தொண்டை அப்போதே கெட்டுப்போயிருந்தது. கராம்புக்கும் கேட்கவில்லை. மோதினாரின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அறிவித்தலை ஒருதரம் நன்றாகப் பதிந்து பென்டிரைவில் ஏற்றினாய். மூன்று தட்டு, ஸலாம், "ஜனாஸா அறிவித்தல்", ஒரு மூச்சு. அதன் பிறகு வெறும் இடம். பிறகு "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்". நடுவில் ஏன் விட்டாய் என்று கேட்டேன். "பேரு ஒவ்வொரு தரமும் வேறதானே. அத நீ சொல்லு. நான் மூச்செடுத்ததும் சொல்லணும், பிந்திராத" என்றாய். இரண்டு மாதம் அப்படித்தான் செய்தோம். நீ பின்னால் வாயை மூடிக்கொண்டு இருப்பாய், உன் குரல் ஒலிபெருக்கியில் போகும், நடுவில் நான் பெயரைச் சொருகுவேன். கண்ணாடியில் உன்னைப் பார்த்தால் உதடு அசையாது. அப்போதே எனக்கு அது பிடிக்கவில்லை.

மதியம் லுஹர் தொழுதுவிட்டுச் சரிந்து படுத்த நீ எழும்பவில்லை. மோதினார் வழக்கம்போல எனக்குப் போன் எடுத்து, ஒரு மௌத்து என்று மட்டும் சொன்னார். நானும் வழக்கம்போல உன் வாசலுக்கு வந்து ஹோர்ன் அடித்தேன், மச்சான். உன் மௌத்தை அறிவிக்க உன்னை ஏற்றிப்போக வந்து நின்றேன். உள்ளே பெண்கள் அழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

முதல் தெருவில் பென்டிரைவை அழுத்தினேன். நீ மூன்று தட்டுத் தட்டினாய். ஸலாம் சொன்னாய். ஜனாஸா அறிவித்தல் என்றாய். பிறகு மூச்சை இழுத்தாய். பெயர் சொல்லப் போகிறவன் இழுக்கிற மூச்சு அது, நான் பதினாறு வருடம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. என் வாய் திறக்கவில்லை. அந்த வெறும் இடம் கடந்து போனது. அதற்குள் எங்கோ தூரத்தில் கடலின் சத்தம் மட்டும் பதிவாகியிருந்தது. பிறகு நீயே இன்னாலில்லாஹி சொல்லி முடித்தாய். வேலியடியில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். "ஆரு மௌத்து?" என்று கேட்டார்கள். பின் இருக்கையைக் கையால் காட்டினேன். அங்கே யாரும் இல்லை. ஒருத்தி கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மற்றத் தெருக்களுக்கு மோதினாரே சைக்கிளில் போய்ச் சொல்லவேண்டியதாயிற்று.

உன்னை நீ கேட்ட இடத்திலேயே வைத்தோம். கடலுக்கும் உனக்கும் இருபத்து மூன்று அடி, என் காலடியில்.

பட்டியலில் அடுத்த பெயர் என்று சபையில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். எனக்கு என்ன தெரியும்? கிளச்சும் பிரேக்கும் தெரியும். நான்கு மாதம் கழித்துக் கல்லணைத் தீர்மானம் திரும்பவும் வந்தது. இந்தமுறை ஊருக்கு நல்ல நம்பிக்கை. உன் கபுறு முதல் வரிசையில் இருக்கும்போது நான் எப்படி மறுப்பேன்? ஹாஜியார் வீட்டுக்கே வந்தார். கோபமில்லாமல், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "கல்லுப் போடாட்டி முதல்ல போறது உங்கட கூட்டாளிதான். அவர் பிடிவாதக்காரன், சரி. நீங்க அவரக் கடலுக்குக் குடுக்கப் போறீங்களா?"

அன்றிலிருந்து நான் நித்திரை கொள்ளவில்லை என்று எழுதினால் பொய். நித்திரை கொண்டேன். ஆனால் கண் விழிக்கும் ஒவ்வொரு விடியலிலும் அந்த மூன்று தட்டுக் கேட்டது. எழுந்து போய் வண்டியைப் பார்ப்பேன். அம்பிளிபயர் வயரைக் கழற்றி வைத்திருப்பேன். தட்டுச் சத்தம் தென்னை மட்டையோ, கூரைத் தகரமோ, தெரியாது. மூன்று தட்டு, பிறகு ஒன்றுமில்லை. அதன் பிறகு வரவேண்டிய மூச்சுக்காக நான் காத்துக்கொண்டு நிற்பேன்.

தீர்மானத்துக்கு முதல்நாள் உன் வீட்டுக்குப் போனேன். மச்சி, உன் மனைவி, கணவன் மௌத்தானால் வெளியே வராமல் இருக்கிற இத்தாவில் இன்னும் இருந்தாள். திரைக்குப் பின்னால் இருந்துதான் கதைத்தாள். ஒவ்வொரு வெள்ளியும் உன்னிடம் போய் வந்து, கடல் எத்தனை அடியில் நிற்கிறது என்று அவளுக்குச் சொல்வது என் வழக்கமாகியிருந்தது. இருபத்து மூன்று, இருபது, பதினேழு. கடைசி இரண்டு வாரமும் குறைந்ததைச் சொல்லத் துணிவில்லாமல் பதினேழு என்றே சொல்லியிருந்தேன். அன்று திரைக்குப் பின்னால் இருந்து அவள் முதலில் கேட்டது அதைத்தான். பதின்மூன்று என்று உண்மையைச் சொன்னேன். எனக்குத் தெரியும் என்றாள். இத்தாவில் இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

கல்லணை வேண்டாம் என்று நீ ஒரு கூட்டத்தில் பேசி, நான் போனில் பதிந்து வைத்திருந்ததை நாளைக்குச் சபையில் போட்டுக் காட்டப் போகிறேன் என்றேன். அதை நீ பேசியதாகவே எல்லோரும் கேட்கட்டும், நான் கையை மட்டும் உயர்த்துகிறேன் என்றேன். திரை காற்றில் உள்ளுக்கு ஒட்டி வெளியே வந்தது.

"அவர்ர வாயால கதைக்காதீங்க" என்றாள். "அவர் கதைச்சு முடிச்சிட்டார். வேணும் எண்டாலும் வேணாம் எண்டாலும் உங்கட வாயால சொல்லுங்க. அப்பதான் நாளைக்கு ஆரையும் குத்தம் சொல்லாம நான் அழலாம்."

மறுநாள் எழுந்து நின்றேன். தவிசாளர் சுருக்கமாகச் சொல்லச் சொன்னார், அதற்கு அவசியமே இருக்கவில்லை. "மௌத்தானவங்கள நாம தோளில வச்சுத் தூக்கிட்டுப் போகலாம். வேற இடத்தில வைக்கலாம், மார்க்கத்தில அதுக்கு இடம் இரிக்கி. வடக்கால உசிரோட இரிக்கிறவங்க எங்க போற? நான் இதுக்கு மாட்டன்." அவ்வளவுதான் சொன்னேன். தீர்மானம் ஒரு வாக்கால் தோற்றது. நான் வெளியே வந்தபோது என் ஓட்டோவின் கண்ணாடி உடைந்திருந்தது. ஒரு மாதம் யாரும் என் வண்டியில் ஏறவில்லை.

அந்த மாரியில் கடல் ஏறியது. ஏறத்தான் செய்யும், அது எனக்குத் தெரிந்தேதான் கை உயர்த்தினேன். நீ நட்ட மீசான் கட்டை ஒரு விடியலில் இல்லை. அது திரும்பவும் வடக்கே போயிருக்கும். உனக்கும் கடலுக்கும் நான்கு அடி மிஞ்சியது. அன்று நான் உன் தலைமாட்டில் குந்தியிருந்து உன்னைத் திட்டினேன். இங்கேதான் வைக்கணும் என்று ஏன்டா கேட்டாய், தெருப்பக்கம் ஒரு மூலையில் கிடந்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். கீழே மண்ணுக்குள் தண்ணீர் நகர்கிற சத்தம் கேட்டது. எனக்குப் பயமாக இருந்தது, உன்னிடமே பயமாக இருந்தது.

நான்காம் நாள் தங்கராசா அண்ணன் தன் வலைகாரர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. மையவாடிக்குள் காலெடுத்து வைக்கலாமா என்று ஹாஜியாரிடம் கேட்டு, அவர் தலையாட்டிய பிறகு, ஓரம் முழுக்க மண் மூட்டை அடுக்கினார்கள். வரிப்பத்தான்சேனையில் இருந்து உரப்பைகள் ஒரு லாரி வந்தது. ஹாஜியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களோடு மூட்டை தூக்கினார். அந்த அணை ஒரு மாரிக்குக்கூட நிற்காது, ஆனால் உங்கள் பத்தொன்பது பேரையும் தூக்கி எடுக்கிறவரைக்கும் நிற்கும். அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் இப்போது நம்மைப் போலக் குழுக்கள் இருக்கின்றன. அடுத்த தேர்தலில் எல்லோரும் ஒரே பட்டியலில் நிற்பதாகக் கதை. திரும்பவும் கேத்தலையே கேட்க வேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். எந்த நிறம் என்று இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். நீ இல்லாத குறை அங்கேதான் நன்றாகத் தெரிகிறது.

இன்று காலைக்கு வருகிறேன். ஒலிப்பதிவு போட வேண்டாம், இவர்கள் ஏற்கெனவே மௌத்தானவர்கள், ஊர் குழம்பும் என்று ஹாஜியார் சொல்லியிருந்தார். சரியென்று என் குரலிலேயே தொடங்கினேன். முதல் தெரு முழுக்க அறிவித்தேன், ஒரு வேலியடிக்கும் ஒருவரும் வரவில்லை. மீன் விற்கிறேன் என்று நினைத்து ஒருத்தி என்ன மீன் என்று கேட்டாள். இரண்டாவது தெருவில் வண்டியை நிறுத்தி, பென்டிரைவைக் குத்தி, உன்னைப் போட்டேன்.

மூன்று தட்டு. ஸலாம். கதவுகள் திறக்கிற சத்தம் தெருவின் கடைசிவரை கேட்டது. எட்டு மாதம் கழித்து உன் குரல் வந்ததும் ஆண்களும் பெண்களும் அப்படியே நின்ற இடத்தில் நின்றார்கள். ஜனாஸா அறிவித்தல் என்றாய். மூச்சை இழுத்தாய். நான் பதிவை நிறுத்திவிட்டு மைக்கைப் பிடித்தேன். வாயில் கராம்பு மணம் ஏறியது. தாளைப் பார்த்துப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். நீ முன்பு சொன்ன பெயர்கள்தான். தங்கள் உம்மா பெயரை, வாப்பா பெயரை இரண்டாம்தரம் கேட்டு ஆட்கள் வாசற்படியில் குந்திவிட்டார்கள். பதினெட்டு முடிந்தது, பத்தொன்பதாவதை உன் வீட்டுத் தெருவுக்கு என்று வைத்துக்கொண்டேன்.

உன் வீட்டுத் தெருவில் மச்சி கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ மூச்சை இழுத்தபோது அவளும் இழுத்தாள். பதினெட்டுப் பெயர்களையும் வாசித்துவிட்டு, தாளை மடித்துவிட்டு, உன் பெயரைச் சொன்னேன். உன் வாப்பாவின் பெயரோடு சேர்த்து, முழுதாக, பிந்தாமல் சொன்னேன். பிறகு பதிவை விட்டேன். உனக்கு நீயே இன்னாலில்லாஹி சொல்லி முடித்தாய். மச்சி முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

சந்தியில் பஸ்ஸால் இறங்கிய ஒரு பெண் பையோடு நின்றாள். நிந்தவூர்ப் பக்கத்து ஆள் போலிருந்தது, நம் ஊர்க் கதை ஒன்றும் தெரியாது. வண்டியைக் கை காட்டி நிறுத்தினாள்.

"ஆரு மௌத்து?" என்று கேட்டாள்.

"என்ட கூட்டாளி" என்றேன்.

"எப்ப?"

"இப்பதான்" என்றேன்.